சண்டை போட ஓர் இடம்

ஸ்காட்பர்கில் மூன்றாம் நாளும் மழை.
நாத்தனார் இரவல் தந்த கேரவன்
ஒரு தீப்பெட்டி. உள்ளே நாலு குச்சி,
நாலின் தலையிலும் மருந்து இருக்கிறது.

மேசையை இறக்கினால் கட்டில்,
கட்டிலை மடித்தால் மேசை.
ஒருவர் தூங்கினால் மூவருக்குச் சாப்பாடில்லை.
ஒருவர் சாப்பிட்டாலோ
விடிய விடிய எல்லார் முதுகிலும் பிஸ்கட் தூள்.

கழிப்பறைக்கு எண்பத்தாறு அடி.
தெஷ்னிதான் எண்ணினாள், ராத்திரி இரண்டு மணிக்கு,
குடைக்குள், சத்தமாக,
பத்து வரை தமிழில், மீதி ஆங்கிலத்தில்.
எழுபதாவது அடியில் நின்று
"இப்ப வரல்லம்மா" என்றாள்.

முதல் நாளே குரங்கு வந்து ரொட்டியைத் தூக்கிப் போனது.
கவாஷனுக்கு இரண்டு வயது.
அன்றிலிருந்து பசித்தால் குரங்கு என்கிறான்,
பயந்தால் குரங்கு,
என் தட்டில் கை வைக்கும்போதும் குரங்கு,
யார் திருடியதென்று தானே அறிவித்துவிட்டு.

பக்கத்து இடத்தில்
புளூம்ஃபொன்டெய்னிலிருந்து வந்த ஃபூரி தம்பதி.
பிள்ளைகள் வளர்ந்து ஆஸ்திரேலியாவில்.
வாசலில் பச்சை விரிப்பு, அதன்மேல் இரண்டு ஜோடி செருப்பு,
நாலும் கடலைப் பார்த்தபடி.
எங்கள் வாசலில் ஏழு.
எட்டாவதைத் தேடுவதை நேற்றோடு விட்டுவிட்டேன்.

பால் பொங்கி அடுப்பு அணைந்தபோது
பூபன் வெளியே கொட்டகைத் துணிக்கடியில்
தொழிற்சாலையோடு போனில் இருந்தான்.
நாற்பது நிமிடம். விடுமுறை எடுத்தவன்.

கேரவனுக்குள் சண்டை போட முடியாது.
பல்லைக் கடித்துக் கிசுகிசுத்தால்
விளையாட்டென்று நினைத்து
அதுகளும் கிசுகிசுக்கின்றன.
அதனால் கார்.
பத்தடி தள்ளி நிற்கிற கார்.
கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி,
ஏனோ தெரியவில்லை,
இருவரும் சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டோம்.

உனக்குக் கடல், எனக்கு அதே வேலை,
சமையலறை மட்டும் சின்னது என்றேன்.
ஒரு வருஷமா இந்த வாரத்தைத்தானே எண்ணிட்டிருந்தேன் என்றான்.
உங்க அக்கா, ஒழுகும் என்று ஒரு வார்த்தை சொன்னாளா என்றேன்.
அக்காவை இழுக்காதே என்றான்.
இழுத்தது உன் கார்தான் என்றேன்.
அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அப்போது கண்ணாடியில் தட்டு.
ஃபூரி அம்மாள். மழைக்கோட்டு, கையில் மூடிய தட்டு.
பிள்ளைகளிடம் நான் இருக்கிறேன், என்றார்,
அரை மணி நேரம். நன்றாக முடித்துவிட்டு வாருங்கள்.
இரண்டடி போய்த் திரும்பினார்:
எங்களுக்கும் அந்தக் காலத்தில் கார்தான்.

அரை மணி நேரம்.
ஆறு வருஷமாக யாரும் எங்களுக்குக் கொடுக்காத பொருள்.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்
பூபன் நாலாவது நிமிடத்தில்
பெல்ட்டோடு தூங்கிப்போனான், வாய் திறந்து.

எங்கள் மூச்சு கண்ணாடியெல்லாம் படிந்திருந்தது.
உள்ளங்கையால் ஓட்டை போட்டுப் பார்த்தேன்.
கடல், ஈயப் பாத்திரத்தின் அடி மாதிரி.
அப்பா சின்னப் பையனாக இந்தக் கடலை
ஓடுகிற கார் ஜன்னலில்தான் பார்த்தாராம்.
இறங்க முடியாது. பலகை இருந்தது,
பலகைக்குப் பக்கத்தில் போலீஸும்.
அவர் பேரன் நேற்று இதே மணலில்
இரண்டு பிடி தின்றான்.
துப்புடா துப்புடா என்று நான் கத்தியது
ஃபூரி வீட்டுச் செருப்புவரை கேட்டிருக்கும்.

இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி.
எழுப்பவில்லை.
அவனிடம் சொல்ல ஒன்று மிச்சமிருந்தது, முக்கியமானது.
அது என்னவென்று யோசிக்கும்போது
கேரவன் பக்கமிருந்து கவாஷனின் குரல்:
குரங்கு!

எந்தக் குரங்கு என்று
போய்ப் பார்த்தால்தான் தெரியும்.
பெல்ட்டைக் கழற்றினேன்.